தேர்வெழுதி வீரராகும் மாணவர்கள்: 'ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்'

சிங்கப்பூரின் ஈசூனில் கணிதத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். நின்டெண்டோ சுவிட்சுக்கு 2019-இல் வந்த இந்த விளையாட்டை நான் இன்னும் விடாமல் ஆடுவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். இதில் நாம் ஆசிரியர். எந்த மாணவர் வாளெடுப்பார், யார் மந்திரம் கற்பார், யார் குதிரையேறுவார் என்பதெல்லாம் நம் பொறுப்பு.

சண்டையில் வென்றுகொண்டே இருந்தால் உயர்ந்த கிளாஸ், அதாவது போர்வீரர் வகை, தானாகக் கிடைத்துவிடாது. 5, 10, 20, 30 என்ற நிலைகளை எட்டியதும் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேர்ச்சி வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று முன்பே திரையில் தெரியும். தேர்வுக்கு ஒரு முத்திரை செலவாகும். தோற்றாலும் அது திரும்பாது. அறுபது விழுக்காட்டில் ஒரு மாணவியை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இன்னொரு வாரம் கோடரிப் பாடம் நடத்திய பிறகுதான் அனுப்புகிறேன்.

என்னை மிகவும் கவர்ந்தது மறைந்திருக்கும் திறமைகள். ஃபீலிக்ஸ் என்ற மாணவன் வாளில் வல்லவன், மந்திரத்தில் மந்தம். ஆனாலும் அதே மந்திரப் பாடத்தைப் பொறுமையாகத் தொடர்ந்து நடத்தினால் ஒரு கட்டத்தில் புதைந்திருந்த ஆற்றல் திறந்துகொள்கிறது. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் 2024-இல் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. ஒரே மாணவர் கணிதத்தை ஜி3 என்ற உயர்ந்த பாடநிலையிலும் மொழியை அதற்கு அடுத்த ஜி2-இலும் படிக்கலாம். அந்த நியாயத்தை இங்கேயும் காண்கிறேன்.

உச்சியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முப்பதாம் நிலைக்குரிய மாஸ்டர் கிளாஸ்களில் பெரும்பாலானவை குதிரையோ பறக்கும் விலங்கோ கேட்கின்றன. வாளை மட்டும் நம்பி ஸ்வார்ட்மாஸ்டர் ஆனவருக்கு மேலே செல்ல நேரான வழியே இல்லை. வாளுக்குரிய மாஸ்டர் கிளாஸான மோர்ட்டல் சாவன்ட் ஆக வேண்டுமானால் மந்திரமும் படித்திருக்க வேண்டும். குதிரையில்லாமல் தரையில் நின்று மந்திரம் செய்யும் கிரெமரி பெண்களுக்கு மட்டும். கைகளால் போரிடும் வார் மாஸ்டர் ஆண்களுக்கு மட்டும். மாணவரின் இயல்பறிந்து வளர்க்கச் சொல்லிவிட்டு, கடைசிப் படியில் இப்படிக் கதவை அடைப்பது நியாயமில்லை.

அதனால் மாஸ்டர் கிளாஸைத் துரத்தாதீர்கள். பலரை இருபதாம் நிலையின் கிளாஸிலேயே கடைசிவரை வைத்திருக்கிறேன். குறையொன்றும் தெரியவில்லை.

விளையாட்டின் ஒரு வாரப் பாடங்களை முடிக்க ஈசூனிலிருந்து தோபி காட் வரையிலான எம்ஆர்டி பயணம் போதும். பெரிய போர்களை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் கேஷுவல் முறையைத் தேர்ந்தெடுத்தால், விழுந்த மாணவர்கள் அடுத்த போருக்குத் திரும்பிவிடுவார்கள். வாள்வீரரையும் ஈட்டிவீரரையும்கூட முதலில் கோடரி ஏந்தும் பிரிகண்ட் கிளாஸில் முழுத்தேர்ச்சி பெறும்வரை போரிட வையுங்கள். அதில் கிடைக்கும் 'டெத் ப்ளோ' என்ற திறன், நாம் முதலில் தாக்கும்போது வலிமையில் 6 கூட்டுகிறது. பிறகு எந்தக் கிளாஸுக்கு மாறினாலும் அதைப் பொருத்திக்கொள்ளலாம்.