எங்கள் ஊர் இரத்தச் சுத்திகரிப்பு மையம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள இரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்றுக்கு, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தந்தையாரை வாரம் 3 முறை அழைத்துச் செல்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் எனும் நுண்வடிகட்டிகள் இருந்து, இரண்டுமாக நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டுமே சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை இரத்தத்திற்கே திருப்பிவிடும் வேலையை, இங்கே ஓர் இயந்திரம் 4 மணி நேரத்தில் ஓரளவுக்கே ஈடுசெய்கிறது. முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடத்தில் விரலை வைத்து, இரத்தம் பாயும் அதிர்வை உணர்ந்த பின்னரே தாதியர் ஊசி குத்துகிறார்கள். அந்த நிதானத்திற்காகவே இம்மையத்தைப் பரிந்துரைப்பேன். குடித்த நீர் உடலில் தங்கி எடை 2 கிலோ கூடியிருந்தால், தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீர் எத்தனை குவளை என்ற விசாரணையும் உண்டு. குளிர்சாதனம்தான் கடுமை, போர்வையை வீட்டிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். உடன் வருவோருக்கு நாற்காலிகளும் போதவில்லை.