புது கியர் போட்டதாக பில் வந்தது, பழைய கியர்தான் உள்ளே இருந்தது: ரெக்கார்டு சேஞ்சர் ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பெட்டி வடிவ ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள், அதிலும் ஆறேழு தட்டுகளை அடுக்கி வைத்தால் தானாகவே ஒவ்வொன்றாக விழுந்து பாடும் சேஞ்சர் வகை வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். எனக்குப் பணம் போயிற்று. கூடவே ஒன்பது எல்.பி. தட்டுகளும் பாழாயின. பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், அந்தத் தட்டுகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என்னிடம் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று அப்பாவுடையது, உள்ளே இருப்பது பிஎஸ்ஆர் கம்பெனி சேஞ்சர். இன்னொன்று பிறகு நான் வாங்கியது, அதில் கேரார்டு கம்பெனி சேஞ்சர். அப்பாவின் பெட்டியில் ஒரே ஒரு கோளாறுதான் இருந்தது. தட்டு பாடி முடிந்த பிறகும் முள்ளைத் தாங்கும் கை எழும்பாது. கடைசிக் காடியிலேயே (காடி என்பது தட்டில் முள் ஓடும் மெல்லிய பள்ளம்) முள் ‘சர்... சர்...’ என்று சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அடுத்த தட்டுக்குப் போக வைக்கும் ரிஜெக்ட் லீவரை விரலால் தள்ளினால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கை எழும்பும், ஒதுங்கும், அடுத்த தட்டு விழும், கை வந்து முதல் காடியில் உட்காரும்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

பழைய பிளேயர்களை மட்டுமே சர்வீஸ் செய்வதாக விளம்பரம் செய்யும் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். தட்டு உட்கார்ந்து சுற்றும் டர்ன்டேபிளைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, “கியர் பல்லு போச்சு சார். பிஎஸ்ஆர்னாலே வெறும் தகரம். உங்ககிட்ட இருக்கிற கேரார்டை வெச்சுக்குங்க, இதைப் பார்ட்ஸுக்கு நானே எடுத்துக்கறேன்” என்றார். அப்பாவின் பெட்டி, கொடுக்க முடியாது என்றேன். “அப்படின்னா புது கியர்தான் போடணும், தேடிப் பிடிக்கணும், டைம் ஆகும்” என்று அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். பாதிக்கு மேல் அந்தக் கியருக்கு என்று தனியாக எழுதிக் கொடுத்தார்.

அவர் செய்த ஒப்பீடே தப்பு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கேரார்டு கனமானது, சத்தமில்லாமல் நகரும், பார்க்கவும் அழகு. மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பிளேயர்களில் வந்த பிஎஸ்ஆர் மலிவாக, லட்சக்கணக்கில் செய்து தள்ளிய இயந்திரம். தகரத்தை வெட்டி வளைத்த பாகங்கள்தான், உண்மை. அதனால்தான் அதைப் பிரிப்பதும் சுலபம், வளைந்ததை நிமிர்த்துவதும் சுலபம், உதிரி பாகம் கிடைப்பதும் சுலபம். என் அனுபவத்தில் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள பிஎஸ்ஆரே நல்லது. இரண்டுக்கும் நோய் என்னவோ ஒன்றுதான்: பத்து இருபது வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் அரக்கு போல இறுகிவிடும். கியர் தேய்ந்துபோன சேஞ்சர் அபூர்வம். கிரீஸ் இறுகாத பழைய சேஞ்சர்தான் கிடையவே கிடையாது.

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவர் செய்தது என்னவென்று தெரியும். டர்ன்டேபிளுக்கு அடியில் ஒரு பெரிய கேம் கியர் இருக்கிறது. அதன் பல் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் பல் இருக்காது. பாட்டு ஓடும் நேரம் முழுக்க அந்தப் பல் இல்லாத இடம் டர்ன்டேபிளின் நடுவில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கு நேராக நிற்பதால் கியர் அசையாது. யாராவது அதை லேசாக ஒரு தள்ளு தள்ளிவிட்டால் பற்கள் மாட்டிக்கொள்ளும், கியர் ஒரு முழுச் சுற்று சுற்றும். அந்த ஒரு சுற்றில்தான் கை எழுவது, தட்டு விழுவது, கை இறங்குவது எல்லாமே நடக்கிறது.

அந்தத் தள்ளைக் கொடுப்பது ட்ரிப் லீவர் என்ற சின்ன நாக்கு. பாட்டு ஓடும்போது கை ஒரு சுற்றுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் உள்ளே நகர்கிறது. கை தட்டின் உள்பக்கத்தை நெருங்கியதும் அந்த நாக்கும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒவ்வொரு சுற்றிலும் டர்ன்டேபிளின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன மேடு அதைத் தட்டிப் பின்னால் தள்ளிவிடும். பாட்டு முடிந்து, அகலமான இடைவெளி விட்ட கடைசிக் காடி வந்ததும் கை ஒரே சுற்றில் பல மில்லிமீட்டர் பாய்கிறது. நாக்கும் பாய்ந்துபோய் மேட்டின் வழியில் நிற்கும், மேடு அதை மோதித் தள்ளும், கியர் மாட்டிக்கொள்ளும். கைக்கும் நாக்குக்கும் நடுவில் இருப்பது இரண்டு மெல்லிய தகடுகளின் உராய்வு மட்டும்தான். இறுக்கமும் கூடாது, வழுக்கவும் கூடாது. அங்கே எண்ணெயும் போடக்கூடாது, கிரீஸும் போடக்கூடாது. சுத்தமாக, உலர்வாக இருக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ரிஜெக்ட் லீவரைத் தள்ளினால் முழுச் சுற்றும் ஒழுங்காக நடக்கிறது என்றால் கியர் பற்கள் நன்றாக இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? கெட்டது நாக்கு மட்டும்தான். இது தெரிந்திருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

ஏழு வாரம் கழித்துக் கூப்பிட்டார். என் கண் முன்னால் ஒரு தட்டைப் போட்டு, முள்ளைக் கடைசிப் பாட்டின் நடுவில் வைத்தார். முடிந்ததும் கை தானாக எழுந்தது. சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் முதல் நாளே கடைசிப் பாட்டில் ஒரு ‘டக்’ சத்தம் கேட்டது. விடாமல், ஒரே இடைவெளியில். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 10 சத்தத்துக்கு 18 நொடி. அதாவது 1.8 நொடிக்கு ஒன்று. எல்.பி.யின் வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரமும் அதேதான். போனில் கேட்டபோது, “வோல்டேஜ் ஏறி இறங்கும் சார், பழைய மெஷின் அப்படித்தான்” என்றார். சுற்றுக்கு ஒரு தடவை வரும் சத்தத்துக்கும் வோல்டேஜுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அப்போது அது தெரியாமல் நம்பிவிட்டேன், தொடர்ந்து இரண்டு வாரம் பாட வைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

ஒரு நாள் இரவு முள்ளின் நுனியில் ஒரு கறுப்புப் பஞ்சு உருண்டை. தூசி என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த தட்டு முடிந்ததும் மறுபடியும் அதே உருண்டை. தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தால் உள்பக்கக் காடிகள் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஸ, ஷ வரும் இடமெல்லாம் துணி கிழிவது போல ஒலித்தது. உடனே நிறுத்திவிட்டு, ஒரு சின்ன டிஜிட்டல் தராசின் மேல் முள்ளை இறக்கினேன். முள் அழுத்தும் பாரம் 14 கிராம் காட்டியது. இந்த வகை செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு (கையின் நுனியில் முள்ளைப் பிடித்திருக்கும் பாகம்) 5 முதல் 8 கிராமுக்குள் போதும்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டர்ன்டேபிளைக் கழற்றினேன். (வால்வு வைத்த பெட்டிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே நேராக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். பிளக் சொருகியபடி கையை விட்டால் உயிருக்கு ஆபத்து. இதில் அவசரமே வேண்டாம்.)

பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பழுப்பு நிறப் பழைய கிரீஸ் அப்படியே இருந்தது. அதன் மேல் ஸ்பிரே எண்ணெயை அடித்திருந்தார்கள். எண்ணெய் வழிந்து, டர்ன்டேபிளைச் சுற்ற வைக்கும் ரப்பர் சக்கரத்தின் விளிம்புவரை வந்திருந்தது. ட்ரிப் லீவரின் இரண்டு தகடுகளிலும் பிளையரின் பல் பதிந்த தடம், வரிவரியாக, பளிச்சென்று புதிதாக இருந்தது. நாக்கு நகராததால் அதைக் கழற்றிக் கழுவுவதற்குப் பதிலாகத் தகடுகளை நசுக்கி ஒட்ட வைத்திருக்கிறார். இப்போது நாக்கும் கையும் ஒன்றாகிவிட்டன. மேடு நாக்கைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் கையே பின்னால் போகப் பார்க்கும். அதுதான் அந்த ‘டக்’. முள் காடியைவிட்டுக் குதிக்காமல் இருக்க, கையின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றிப் பாரத்தை ஏற்றிவிட்டார். அவர் கடையில் ஒரு தட்டுக்கு நன்றாகவே வேலை செய்தது, மறுக்க முடியாது. அந்த வேலையின் விலையை என் தட்டுகள் கொடுத்தன.

கியர் விஷயம் இன்னும் மோசம். கொடுப்பதற்கு முன் அப்பாவின் ஞாபகத்துக்காக டர்ன்டேபிளைக் கழற்றி உள்ளே நாலைந்து படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் கேம் கியரின் விளிம்பில், பல் இல்லாத இடத்துக்குப் பக்கத்தில், நகக்கீறல் போல ஒரு சின்ன வெட்டு தெரிந்தது. இப்போது உள்ளே இருந்த “புது” கியரிலும் அதே இடத்தில் அதே வெட்டு. அதே கியர். கழற்றிக்கூட இருக்க மாட்டார், அடியில் இருந்த கிரீஸ் துளியும் கலையவில்லை.

சரி, நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் என்ன செய்யலாம்? முதலில் படம் எடுங்கள். டர்ன்டேபிளுக்கு அடியில், கார்ட்ரிட்ஜ், ரப்பர் சக்கரம், கியர் என எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரியை நான் எழுதி வாங்கியிருந்தால் கியர் கதையே நடந்திருக்காது. திருப்பி வாங்கும்போது ஒரு தட்டோடு விடாதீர்கள். உங்களிடம் இருப்பதில் போனால் போகட்டும் என்கிற நாலைந்து தட்டுகளைக் கொண்டுபோய் அடுக்கி, கடைசித் தட்டு முடிந்து இயந்திரம் தானாக நிற்கும்வரை அங்கேயே இருங்கள். இரண்டு தட்டு சேர்ந்து விழுகிறதா, கை சரியான இடத்தில் இறங்குகிறதா, எல்லாம் அப்போது தெரிந்துவிடும். வேகத்துக்குக் கருவி எதுவும் தேவையில்லை. தட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள், 3 நிமிடத்தில் 100 சுற்று வந்தால் 33⅓ சரி. தராசைக் கையோடு எடுத்துப் போங்கள், அவர் முகம் சுளித்தாலும் முள்ளை அதில் இறக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் எல்.பி.க்கும் மறுபக்கம் பழைய 78 வேகத் தட்டுக்குமாகத் திருப்பிப் போடும் முள் என்றால் எல்.பி. பக்கம் கீழே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 78 தட்டுக்கான முள்ளின் நுனி மூன்று மடங்கு தடிமன்.

நான் கடைசியில் நானே சரிசெய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கியர், லீவர் எல்லாவற்றையும் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். நசுங்கிய தகடுகளை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் தலைமுடி அளவு விலக்கி நிமிர்த்துவதற்குத்தான் நேரம் பிடித்தது. நாலு தடவை மாட்டி நாலு தடவை கழற்றினேன். ஐந்தாவது தடவை, விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே நாக்கு நகர்ந்தது. கேம் கியரின் பள்ளத்துக்கு மட்டும் கொஞ்சம் புது கிரீஸ், மோட்டார் பேரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய், ட்ரிப் லீவருக்கு எதுவுமே இல்லை. புது முள் போட்டு, பாரத்தை 6 கிராமில் நிறுத்தினேன். இப்போது ‘டக்’ சத்தம் இல்லை. தட்டு முடிந்ததும் கை தானாக எழுகிறது. புதுப் பாகம் என்று பார்த்தால் முள் ஒன்றுதான்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் கியருக்கு வாங்கிய தொகையை மட்டும் திருப்பி அனுப்பினார், ஒரு வார்த்தை எழுதவில்லை. தட்டுகளைப் பற்றிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நேற்று பார்த்தேன், “தேய்ந்த கியர் மாற்றித் தரப்படும்” என்று புது விளம்பரம் போட்டிருக்கிறார்.