மேகம் காட்டும் ஆப், கொடைக்கானலுக்குச் சரிப்படுமா?

சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டதால் இது. போட்டோ எடுத்தால் மேகத்தின் பெயர் சொல்லும் ஆப்.

அண்ணாந்து பார்க்கும் மேகம் என்றால் கெட்டிக்கார ஆப். உலக வானிலை அமைப்பு 2017-இல் தன் மேக அட்லஸில் சேர்த்த, கொந்தளிக்கும் கடல் மாதிரியான ஆஸ்பெரிட்டாஸ், நடுவில் ஓட்டை விழுந்த கேவம் வரைக்கும் சரியாகப் பிடிக்கிறது. அலை அலையாக எழும் ஃப்ளக்டஸுக்கு மட்டும் ஆப்பைத் திறந்துகொண்டிருக்காதீர்கள். அந்த அலைமுகடுகள் ஓரிரு நிமிடத்தில் கலைந்துவிடும். சாதா கேமராவில் தட்டிவிட்டு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

குனிந்து பார்த்தால்தான் வம்பு. கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் சமவெளிக்கு மேல் பரந்து கிடக்கும் மேகம் நம் காலுக்குக் கீழே. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். மேகத்தின் உச்சியே அதற்குக் கீழே என்றால் அது தாழ்மேகம், ஸ்ட்ராட்டோகுமுலஸ். ஆப்போ நடு உயர மேகமான ஆல்ட்டோகுமுலஸ் என்று சாதிக்கிறது.

காரணம், ஆப் நம்பும் விரல் கணக்கு. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் சுமார் 1 டிகிரி, மூன்று விரல் 5 டிகிரி. மேகத் திட்டு ஒரு விரலுக்குள் அடங்கினால் உயர மேகமான சிர்ரோகுமுலஸ், மூன்றுக்குள் ஆல்ட்டோகுமுலஸ், மிஞ்சினால் ஸ்ட்ராட்டோகுமுலஸ். ஆனால் இது அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே உள்ள மேகத்துக்கு மட்டும்தான். கீழே 10 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் 500 மீட்டர் திட்டு 3 டிகிரிதான் தெரியும், ஆப் ஏமாந்துவிடுகிறது. போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது போனுக்கே தெரியும். அதைக் கேட்டுக்கொள்ள இவர்களுக்கு என்ன கேடு? கையால் திருத்தி வைத்தாலும் அடுத்த அப்டேட்டில் பழைய பெயரே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வயிற்றெரிச்சல்!

தொட்டபெட்டாவில் வேறு கூத்து. சிகரத்தின் மேல் குல்லா மாதிரி ஒட்டியிருப்பதை ஒரு நாள் பைலியஸ் என்கிறது, மறுநாள் மூடுபனி என்கிறது. பைலியஸ் வளரும் குமுலஸ் என்ற குவிமேகத்தின் தலைமேல் வருவது, மலைமேல் அல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: படத்தோடு திசையும் நேரமும் தானாகப் பதிவாவது அருமை. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டும் நாட்களில் லென்ஸ் வடிவ மேகமான லென்டிகுலாரிஸா என்று சந்தேகம் வந்தால், ஒரு மரத்தையோ டவரையோ ஓரத்தில் வைத்து ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். பக்கத்து மேகம் நகர்ந்திருக்க, வழவழப்பான விளிம்போடு இது மட்டும் அங்கேயே நின்றால் லென்டிகுலாரிஸ்தான்.

பத்துக்கு எட்டு கொடுக்கலாம். ஆனால் மலையில் இருப்பவர்கள் பாதி விலைக்கும் வாங்க வேண்டாம். திருப்பூர்க்காரர்கள் தாராளமாக வாங்கலாம், அங்கே எல்லா மேகமும் தலைக்கு மேலேதான்.