ஆல்பம் வேலைக்கு ரைசனா, இன்டெலா? முதலில் ராம் கணக்கு

கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள் புது கம்ப்யூட்டர் போடும்போது "ஐ7 போதுமா, ஐ9 வேணுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் ஷீட் சைஸைக் கேட்பேன். 12×36 அங்குல ஷீட், 300 டிபிஐ என்றால் 3,600×10,800 பிக்சல். 8 பிட்டில் ஒரு முழு லேயருக்கே சுமார் 117 எம்பி. 16 பிட்டில் அதுபோல இரண்டு மடங்கு. பின்னணி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், ஹிஸ்டரி எல்லாம் சேரும்போது ஒரே ஷீட் பல ஜிபியை விழுங்கிவிடும். பக்கத்தில் லைட்ரூமும் குரோமும் வேறு திறந்து கிடக்கும். ராம் தீர்ந்ததும் போட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்க்கில், அதாவது ராமுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் டிஸ்க் இடத்தில், எழுதத் தொடங்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அங்கே இழுவைதான். அதனால் 16 கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு) ப்ராசசரும் 32 ஜிபியும் ஒரு பக்கம், 8 கோரும் 64 ஜிபியும் இன்னொரு பக்கம் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இனி ப்ராசசர். ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸில் 8 கோர், 65 வாட். இன்டெலின் கோர் அல்ட்ரா 7 265கேயில் 8 பெரிய கோர், 12 சிறிய கோர். அடிப்படை 125 வாட், முழு வேகத்தில் 250 வாட் வரை போகும். ஏசி இல்லாத ஸ்டுடியோ அறையில் இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். பிரஷ், லிக்விஃபை, மாஸ்க் போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களிலேயே ஓடுவதால் அங்கே இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. இரண்டாயிரம் ரா ஃபைலை மொத்தமாக எக்ஸ்போர்ட் போடும்போதுதான் இன்டெலின் கூடுதல் கோர்கள் கைகொடுக்கும். படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டின் பாடு.

வீடியோவும் வெட்டுகிறவர் என்றால் கதை மாறும். இப்போதைய கேமராக்கள் எடுக்கும் 10 பிட் 4:2:2 எச்இவிசி (நிற விவரம் அதிகமுள்ள, சுருக்கிய வீடியோ) ஃபைலை இன்டெலின் உள் கிராஃபிக்ஸ் சிரமமில்லாமல் ஓட்டும். 9700எக்ஸின் உள் கிராஃபிக்ஸால் அது முடியாது. போட்டோ மட்டும் என்றால் ரைசன், வீடியோவும் உண்டு என்றால் 265கே. கடையில் 9800எக்ஸ்3டியைக் காட்டி ஆசை கிளப்புவார்கள். அதன் 96 எம்பி கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கேம் ஆடுகிறவருக்கு வரம். ஆல்பத்துக்கு அந்தக் காசு வீண்.

பழைய டிடிஆர்4 ராம் கையில் இருந்தால், அதை ஏற்கும் 14ஆம் தலைமுறை இன்டெல் மலிவாக முடியும். 13, 14ஆம் தலைமுறைகளில் வோல்டேஜ் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் வந்தது. புதிதாக வாங்கினால் முதல் வேலை, அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரும் பயாஸ் (மதர்போர்டு மென்பொருள்) அப்டேட். செகண்ட் ஹேண்டில் இந்தத் தலைமுறை ப்ராசசர்களைத் தொடவே மாட்டேன்.

64 ஜிபியை நான்கு 16ஆக வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பாதீர்கள். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம், இரண்டு ஸ்டிக் போட்டால் 5600. நான்கு போட்டால் 3600தான். முதல் முறை ஆன் செய்ததும் மெமரி ட்ரெயினிங் (போர்டு ராமைச் சோதித்துச் சரிசெய்துகொள்வது) முடிய சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு போச்சு என்று பதறிக் கழற்றியவர்கள் உண்டு.

2025 இறுதியில் ராம் விலை எகிறியதிலிருந்து இரண்டு 32 ஒன்றாக வாங்குவது பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்படியானால் இப்போது ஒரே ஒரு 32, பிறகு அதே மாடலில் இன்னொன்று. அதுவரை ஒற்றை சேனலில் (ஒரே ராம் பாதையில்) வேகம் கொஞ்சம் குறையும். கிட்டாக (ஜோடியாகச் சோதித்து விற்கும் பேக்) வாங்காததால் எக்ஸ்போவில் (ஏஎம்டியின் ராம் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) 6000 ஓடும் என்ற உத்தரவாதமும் கிடையாது, 5600இலேயே விட்டுவிடுங்கள்.