மேலுறை பூசிய கினியா புல் விதை: மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு பருவம் போட்டுப் பார்த்தது

பையைப் பிரித்துக் கையில் கொட்டினால் நீல நீலமாக மணி. எனக்குத் தெரிந்த கினியா புல் (மாட்டுத் தீவனப் புல்) விதை ஊதினால் பறக்கும். மணலோடு கலந்து தூவினாலும் பாதி எங்கே போனதென்று தெரியாது. இது விரலிடுக்கில் சீராக இறங்கியது, விழுந்த இடமும் கண்ணுக்குத் தெரிந்தது, எறும்பும் அவ்வளவாகத் தூக்கவில்லை. விதைக்கிற வேலை பாதியாகக் குறைந்தது நிஜம்.

ஆனால் அந்த உறையையும் சேர்த்துத்தான் எடை போட்டு விற்கிறார்கள். 10 கிராமைத் தண்ணீரில் ஊறவைத்து, உறையைக் கழுவி, காயவைத்து நிறுத்தேன். தேறியது 5 கிராம். ஏக்கருக்கு 3 கிலோ என்று பையில் போட்டிருக்கிறது. அப்படியானால் விதை ஒன்றரை கிலோதான். முளைப்புத்திறன் 60 சதவீதம் என்றும் இருக்கிறது. ஈரத்துணியில் 100 விதையைச் சுருட்டி வைத்து இரண்டு வாரம் பார்த்தேன், முளைத்தது 38. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மிச்சமிருந்ததை நாலு மாதம் கழித்து அதே மாதிரி வைத்தபோது 57 வந்தது! புதிதாக அறுத்த கினியா விதைக்கு உறக்கம் உண்டு, அதாவது உயிரோடிருந்தும் முளைக்காமல் கிடக்கும், அது தெளிய மாதக்கணக்கில் ஆகும். பையில் பொட்டலம் கட்டிய தேதி இருக்கிறது, விதை அறுத்த தேதி இல்லை. என் பெரிய குறை இதுதான். விதைத்த அன்று எனக்குக் கிடைத்தது 3 கிலோவில் முளைக்கக்கூடிய அரைக் கிலோ சொச்சம்.

அடுத்தது, பையில் உள்ள ‘தானியப் பயிரோடு ஒரே நாளில் விதைக்கலாம்’ என்ற வரி. நம்பினேன், ஆனால் பாதி வயலுக்கு மட்டும். மக்காச்சோள வரிசைகளுக்கு 60 செ.மீ. இடைவெளி, நட்டநடுவில் புல்லுக்கு ஒரு கோடு. மறுபாதியில் மூன்று வாரம் பொறுத்து, முதல் களை வெட்டி முடித்த கையோடு புல்லை விதைத்தேன்.

ஒரே நாளில் விதைத்த பக்கம் களை எடுப்பதே தலைவலி. இளம் கினியாவும் களைப்புல்லும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எத்தனையைப் பிடுங்கி எறிந்தேனோ. களைக்கொல்லிக்கும் வழியில்லை, மக்காச்சோளத்தை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கொல்லும் மருந்து இதையும் சேர்த்தே கொல்லும். பிரேசிலில் மக்காச்சோளத்துக்குள் பிராக்கியாரியா என்ற இன்னொரு தீவனப் புல்லைப் போடுகிறவர்கள் அப்படிப்பட்ட மருந்தையே மிகக் குறைத்து அடித்து, புல்லைச் சாகடிக்காமல் தட்டி மட்டும் வைப்பதுண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. புல் அடர்ந்த இடங்களில் மக்காச்சோளம் வெளிறி, கதிரும் சிறுத்தது. தழைச்சத்துக்கு இரண்டும் அடித்துக்கொண்டன.

பிந்தி விதைத்த பக்கம் கதிர் நன்றாகப் பிடித்தது. புல்தான் நிழலில் தலைமுடி மாதிரி நின்றது. உழுதுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கதிர் ஒடித்துத் தட்டையை வெட்டி வெயில் உள்ளே விழுந்ததும், கொஞ்சம் யூரியா போட்டு ஒரு தண்ணீர் விட்டேன். தூர் கட்டத் தொடங்கியது. 40 நாளில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் என் ஓட்டு பிந்தி விதைப்பதற்குத்தான், பை என்ன சொன்னாலும் சரி.

ஆழமும் முக்கியம். ஒரு செ.மீ.க்குள் மூடிய இடமெல்லாம் வந்தது. கொத்து கொஞ்சம் அழுந்தி 3 செ.மீ. போன சாலில் ஒன்றுமே இல்லை. இன்னொன்று, லேசான தூறலை நம்பிப் போடாதீர்கள். உறை பாதி கரைந்து மறுபடி காய்ந்தால் விதை வீண். ஒரு மூலையில் அப்படித்தான் போனது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அறுத்த தேதியும் உறையின் எடையும் பையில் ஏறினால் நாலு தருவேன். வாங்குகிறவர்கள் விதைப்புக்குச் சில மாதம் முன்பே வாங்கி, ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஈரத்துணியில் எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மாட்டை அவசரப்பட்டு உள்ளே விடவேண்டாம். நான் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன்: தாள் அறுந்தால் விடலாம், வேரோடு வந்தால் இன்னும் பொறுக்கணும். போன வாரம் இழுத்தேன், வேரோடு வந்துவிட்டது.