பில்லில் வெண்கலம், படகில் குழாய்ப் பித்தளை: பினாங்கில் படகு பழுதுபார்ப்பவர்களுக்கு எச்சரிக்கை

பழைய பாய்மரப் படகில் குடியிருப்பவர்கள், அடுத்த முறை படகைக் கரையேற்றி வால்வு மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் உள்ள துளைகளைத் திறந்து மூடும் நான்கு கடல்நீர் வால்வுகளை மாற்றும் வேலையைப் பினாங்கில் ஒரு பட்டறையிடம் ஒப்படைத்தோம். பில்லில் 'வெண்கலம்' என்று எழுதி, வெண்கல விலையே வாங்கினார்கள். 14 மாதம்தான். கழிவறை வால்வை மூடும்போது, ஹோஸ் மாட்டும் மூக்கு முறிந்து கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் இளஞ்சிவப்பாக, கத்தி முனை பட்டாலே உதிரும் பதத்தில் இருந்தது. மற்ற மூன்றிலும் சாம்பல் பெயின்டைச் சுரண்டினால், அடியில் வீட்டுக் குழாய்க்குப் போடும் நிக்கல் பூசிய பித்தளை.

சாதாரணப் பித்தளையில் ஏறக்குறைய 40 சதவீதம் துத்தநாகம் இருக்கும். உப்புநீரில் அதுதான் முதலில் கரையும். மிஞ்சும் செம்பு பஞ்சுபோல் ஓட்டையாகிவிடும், ஆனால் வடிவம் மாறாது. அதனால்தான் கடைசி நாள் வரை கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கரை மின்சாரத்தில் எப்போதும் இணைந்தே கிடக்கும் படகுகளில் அரிப்பு இன்னும் வேகம். 'மாங்கனீஸ் வெண்கலம்' என்று சொன்னாலும் ஏமாற வேண்டாம். பெயர்தான் வெண்கலம், அதிலும் துத்தநாகம் கிட்டத்தட்ட அதே அளவு.

வாங்க வேண்டியது அசல் வெண்கலம், அல்லது துத்தநாகம் கரையாதபடி செய்த டி.இசட்.ஆர். பித்தளை. இந்த இரண்டாவதில் பெரும்பாலும் சி.ஆர். என்று பொறித்திருக்கும். பெயின்ட் அடிக்கும் முன்பே ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் என்றால் பித்தளை, செம்பழுப்பு என்றால் வெண்கலம். மஞ்சளாக இருந்து பொறிப்பும் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மரையிலும் ஏமாற்றியிருந்தார்கள். மலேசிய ஹார்ட்வேர் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் குழாய் மரை. அமெரிக்காவில் கட்டிய படகின் அடித்தளக் குழாயில் இருப்பது அமெரிக்க மரை. ஒன்றரை அங்குலக் குழாயில் முன்னதில் அங்குலத்துக்கு 11 மரை, பின்னதில் பதினொன்றரை. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகிவிடும். நன்றாகப் பிடித்ததுபோல் தோன்றும், பிடித்திருப்பதோ அந்த இரண்டு மரைதான். சீலன்ட் போட்டுவிட்டால் இது வெளியே தெரியாது. ஆகவே சீலன்ட் இல்லாமல் ஒருமுறை மாட்டச் சொல்லி, கையாலேயே நான்கைந்து சுற்றாவது ஏறுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இந்தத் தவறு எங்கள் படகில் இரண்டு வால்வுகளில் இருந்தது.

ஹோஸை இறுக்கும் கிளாம்ப் ஒவ்வொரு மூக்குக்கும் இரண்டு வேண்டும், பட்டை, திருகு இரண்டுமே துருப்பிடிக்காத 316 ரக எஃகாக இருக்க வேண்டும். பட்டை மட்டும் நல்ல எஃகு, திருகு சாதா இரும்பு என்று மாட்டினால் திருகு துருப்பிடித்து அறுந்துபோகும்.

பில்லில் உலோகத்தின் பெயரும் மரை வகையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படகை நீரில் இறக்கும்போது கிரேன் பட்டை கழலும் முன் எல்லா வால்வையும் தொட்டுப் பாருங்கள். கடைசித் தவணையைப் படகு மிதக்கத் தொடங்கி 24 மணி நேரம் கழித்துக் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. முறிந்த பாகத்தையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி.

சந்தேகமான வால்வை மாற்றும் வரை, அந்தத் துளைக்குப் பொருந்தும் மென்மரக் கூம்புக் கட்டையை வால்விலேயே கயிற்றால் கட்டி வையுங்கள். 60 செ.மீ. ஆழத்தில் 38 மி.மீ. துளை திறந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், அட்டையில் மணிக்கு 500 கேலன் என்று போட்டிருந்தால், முழு வேகத்தில் ஓடினாலும் வெளியேற்றுவது நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர்தான்.