அப்பாவின் 5 லட்ச ரூபாய் பாலிசி: கையிலிருந்து போனது எவ்வளவு?

அப்பாவுக்கு 2020 பிப்ரவரியில் ஒரு தனியார் கம்பெனியில் 5 லட்ச ரூபாய்க்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தேன். அப்போது அவருக்கு 61 வயது, சர்க்கரை வந்து 12 வருடம். எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். பிரீமியத்தை 25 சதவீதம் கூட்டினார்கள். சர்க்கரை சம்பந்தப்பட்ட எதற்கும் 4 வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் ஏஜென்ட் சொன்னார். ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் நாம் போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பாலிசி வந்தபிறகு நானே உள்ளே படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2022-இல் சர்க்கரை இறங்கி அப்பா மயங்கி விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, 31,000 ரூபாய். காத்திருப்புக் காலம் முடியாததால் முழுக்க எங்கள் பணம். (இந்தக் காத்திருப்பு 3 வருடத்தைத் தாண்டக்கூடாது என்று 2024 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள். எங்களுக்கு அதற்குள் 4 வருடமும் முடிந்துவிட்டது.)

2024 நவம்பரில் வலது கால் பெருவிரலுக்குக் கீழே புண். மரத்துப்போன கால், அதனால் அவருக்கு வலியே தெரியவில்லை. அம்மா பாய் விரிக்கும்போது ரத்தக்கறையைப் பார்த்துத்தான் சொன்னார். சீழ் எடுத்து ஆறு நாள் அட்மிஷன். கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, அதற்கான அனுமதி நான்கு மணி நேரத்தில் வந்தது. போனில் பேசிய பெண் தமிழில் பொறுமையாக விளக்கினார். அந்த இரண்டையும் நன்றியோடு சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் தாளை நீட்டினார்கள். மொத்த பில் 1,76,000. கம்பெனி கொடுப்பது 99,200. மீதி 76,800 கட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம். நான் கணக்கெழுதும் வேலை பார்ப்பவள். எனக்கே அந்தத் தாள் புரிய ஒரு மணி நேரம் ஆனது.

ரூம் வாடகைக்கு உச்சவரம்பு நாளைக்கு 5,000. அன்று காலியாக இருந்த ஒரே ரூம் 7,500. கூடுதல் 2,500-ஐ நாம் கட்டிவிட்டால் சரி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாடகையில் மூன்றில் இரண்டு பங்குதான் ஏற்கிறார்கள் என்றால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே மூன்றில் இரண்டு பங்குதான். 84,000 ரூபாய் 56,000 ஆனது இப்படித்தான். மருந்து, டெஸ்ட் 38,000-ஐ மட்டும் வெட்டவில்லை. கையுறை, ரெஜிஸ்ட்ரேஷன் என்று 9,000 மொத்தமாகக் கழிந்தது. ஆறு நாள் வாடகை 30,000-ஐயும் சேர்த்து மிஞ்சிய 1,24,000-இல் 20 சதவீதம், 24,800, மறுபடி எங்கள் தலையில்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் டிரஸ்ஸிங் பில்லையும் அனுப்பினேன். 20 சதவீதம் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். ஆனால் டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்புக்கு (மெத்தென்ற ரப்பரில் செய்தது) இடமில்லை. சர்க்கரை நோயாளியின் செருப்பு 'கொடுக்கப்படாத பொருட்கள்' பட்டியலில் இருக்கிறதாம். மறுபடி புண் வராமல் இருக்க அப்பாவுக்கு இருக்கும் பாதுகாப்பே அந்தச் செருப்புதான். இன்னொரு முறை புண் வந்து படுத்தால் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் செலவு. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

மாதாமாதம் ஆகும் இன்சுலின், ஊசி, வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எல்லாம் ஆஸ்பத்திரியில் படுக்காமல் செய்யும் வைத்தியம். அதற்கு இந்தப் பாலிசியில் ஒரு ரூபாய் கிடையாது. மாதம் 3,800 போகிறது. பிப்ரவரி கடைசியில் பிரீமியம் கட்டும்போது அப்பா ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்கிறார், தினமும் பார்க்க வேண்டியதை வாரம் இரண்டு முறையாக்கிவிடுகிறார். மாத்திரைகளை மட்டும் இப்போது முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறோம், கொஞ்சம் குறைந்திருக்கிறது. தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்ததும் ஆறுதல்தான்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். பாலிசியை விடவில்லை, விட்டால் இந்த வயதில் புதிதாக யார் கொடுப்பார்கள்? வீட்டில் சர்க்கரை உள்ளவருக்கு எடுக்கப் போகிறவர்கள் ரூம் வாடகை வரம்பு இல்லாததாகப் பாருங்கள், பிரீமியம் இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும் பரவாயில்லை. நம் பங்கு எத்தனை சதவீதம் என்பதை ஏஜென்ட்டிடம் வாயால் கேட்காமல் எழுதி வாங்குங்கள். அட்மிஷன் போடும்போதே வரம்புக்குள் இருக்கும் ரூம் வேண்டும் என்று கேளுங்கள். இல்லையென்றால் ஜெனரல் வார்டிலேயே இருங்கள். அப்பாவுக்கு அடுத்த முறை அப்படித்தான் செய்வேன்.